தேய்மானம் போக

மேல்வீட்டுச் சலவை இயந்திரத்தில் குழாய் கழன்று
மூன்று மணி நேரம் ஒழுகியிருக்கிறது.
உத்தரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு தேசப்படம்.
அதன் தலைநகருக்கு நேர் கீழே
அந்த டர்ன்டேபிள்.

வுப்பர்டால். இரண்டாம் மாடி.
ஆற்றின் மேல் வௌவால்போல் தொங்கிக்கொண்டு
ரயில் போகும் ஊர்.
நான் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தவள்.
கையில் ஈரமானி, அளவு நாடா, படிவம் ஏழு.

எக்கேஹார்ட் ப்ரூஸெவிட்ஸ் ரசீதை நீட்டினார்.
நாற்பத்தோராயிரத்து அறுநூறு யூரோ.
புள்ளி எங்காவது இடம் மாறியிருக்குமோ என்று
இன்னொரு முறை படித்தேன்.
மாறவில்லை.

பக்கத்தில் கிடந்த இசைத்தட்டின் உறையில்
பழஞ்சந்தை ஒட்டுத்தாள்: நான்கு யூரோ.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
இங்கே சுமைகூலிக்கு ஒரு கார் வாங்கலாம்.
என்னுடையதைப் போன்றது அல்ல,
நல்ல கார்.

பத்தொன்பது கிலோ வெண்கலத் தட்டு, என்றார்.
அச்சுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய்.
அடியில் கருங்கல் பலகை.
ஊசி முனையில் கடுகுக்குக் கடுகாய் ஒரு வைரம்.
"ரயில் வரும்போது வீடே அதிரும்.
இது அதிராது. பாருங்கள்."
ரயில் வந்தது.
ஜன்னல் கண்ணாடி கடகடத்தது, கரண்டி கோப்பையில் கிலுங்கியது,
என் பேனா உருண்டது.
அதிராமல் இருப்பதை எப்படிப் பார்ப்பது?
தலையை மட்டும் ஆட்டினேன்.

"பத்து வருடம் நாங்கள் எங்கும் விடுமுறைக்குப் போகவில்லை"
என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல்.
ஓட்டிலி, மனைவி. வெளியே வரவில்லை.
"வித்தியாசம் எனக்கும் கேட்கிறது, பொய் சொல்லக்கூடாது.
நாற்பதாயிரத்துக்குக் கேட்கவில்லை.
ஒரு மூவாயிரத்துக்குக் கேட்கிறது."

தண்ணீர் கொன்றது மோட்டாரின் பெட்டியை மட்டும்.
மற்றதெல்லாம் சாகவில்லை என்று காட்ட
ஒரே ஒரு விரலால் தட்டின் ஓரத்தைத் தள்ளினார்.
தள்ளினார், தள்ளினார்.
பிறகு விரலை எடுத்து
ஊசியை இறக்கினார்.

யாரோ ஒருத்தி. பின்னால் ஒரு பியானோ.
"இடப்பக்கம் பியானோ, வலப்பக்கம் அவள்,
அவளுக்குப் பின்னால் சுவர். கேட்கிறதா?"
கேட்கிறது என்றேன்.

எட்டு வயதில் போனது என் வலது காது.
படிவம் ஏழில் அதற்குக் கட்டம் இல்லை.

மின்சாரமே இல்லாமல் வெண்கலம் சுழன்றது.
பாடுகிறவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய் வயதாகியது.
குரல் தடித்து, இறங்கி,
ஒரு சொல்லின் நடுவில் ஆணாகி,
அதற்கும் கீழே போய்
வெறும் மரத்தை இழுக்கும் ஓசையாகி
நின்றது.
ஒன்றரை நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.
அதுவரை சமையலறையிலும் குழாய் மூடியிருந்தது.

தகுமா தகாதா என்று யாரும் என்னைக் கேட்பதில்லை.
கேட்பது இழப்பு எவ்வளவு என்றுதான்.
பெட்டி, பழுது நீக்க: ஆயிரத்து நூற்றெண்பது.
ஆறு வருடத் தேய்மானம் போக: எண்ணூற்று எழுபது.
கையெழுத்துப் போட்டார்.
பேரம் பேசுவார் என்று நினைத்திருந்தேன்.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
"கையால் தள்ளினாலும் ஒன்றரை நிமிடம் ஓடுகிறது."
இதெல்லாம் எதற்கு என்று திங்கட்கிழமை மேலாளர் கேட்பார்.

திரும்பும் ரயில் அவர்கள் ஜன்னலை ஒட்டித்தான் போகிறது.
விளக்கு எரிந்தது.
அவர் குனிந்திருந்தார், விரல் தட்டின் ஓரத்தில்.
ஓட்டிலி நின்றபடி ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள்.
இடது காதைக் கண்ணாடியில் வைத்தேன்.
ரயில்தான் கேட்டது.